ஒரகடம் வழியில் ஓர் இராத் தங்கல்

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவிலை அடையும் சாலை, பெங்களூரிலிருந்து வேனில் வேளாங்கண்ணி செல்வோர்க்குச் சென்னை நெரிசலைத் தவிர்க்க உதவும். ஆனால் இரு மருங்கும் கார்த் தொழிற்சாலைகள். இரவெல்லாம் கண்டெய்னர் லாரிகள். செப்டம்பர் 8 திருவிழாவுக்குச் சென்ற நாம், விளக்கணைத்து ஓரத்தில் நின்ற லாரிகளின் பின்னே தங்க மனமின்றி, பெட்ரோல் பங்க் ஒன்றில் அனுமதி பெற்று ஒதுங்கினோம்.

குளிர்சாதனத்துக்காக இயந்திரத்தை ஓடவிட்டு உறங்கலாகாது. வண்டிக்குள் அடுப்பும் மூட்டலாகாது. இவற்றினின்று எழும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். கண்ணாடிகளைச் சிறிது இறக்கி, கொசுவலை கட்டினோம். செபமாலையைத் தாழ்ந்த குரலில் சொன்னோம். விடியுமுன் இலை, காகிதம் யாவும் பொறுக்கிக்கொண்டு, நன்றி கூறிப் புறப்பட்டோம். இடம் தந்தவர்க்குச் சுமையாகாதிருப்பதும் திருயாத்திரையின் ஒரு பகுதியே அன்றோ?