கரிவலத்தில் கற்ற பாடம்

"வெயில் கொளுத்துகிற நம் சீமையில் குளிர் யாரை என்ன செய்துவிடும்?" போன ஆடி வரை நானும் இப்படிக் கேட்டவள்தான்.

எடை குறைவாகப் பிறந்த பேத்திக்கு நாற்பது நாள் கழிந்ததும், மகளோடு கரிவலம்வந்தநல்லூர் பால்வண்ணநாதரைத் தரிசிக்கப் புறப்பட்டேன். ராஜபாளையத்தில் சங்கரன்கோவில் பஸ். மேற்கே மலை, அங்கிருந்து ஆடிக் காற்று! புழுக்கம் என்று ஜன்னலைத் திறந்தது நான்தான். வழியில் சாரல் அடித்தது. குழந்தையும் துணியை நனைத்திருந்தாள். "எவ்வளவு சமர்த்தாகத் தூங்குகிறாள்!" என்று பெருமை வேறு.

கோயில் வாசலில் பூக்கார அம்மாள் குழந்தையின் பாதத்தைத் தொட்டாள். "ஏ தாயி, புள்ளை கால் ஐஸா இருக்கே! ஈரத்துணிய உருவிப் போட்டு நெஞ்சோட அணைச்சுக்கோ!"

பாலுக்கும் வாய் திறக்கவில்லை. எனக்கு அடிவயிறு கலங்கிற்று. உடம்பைத் துடைத்து, மகளின் வெற்று மார்போடு சேர்த்து, முந்தானையால் மூடியபடியே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சூடு 35.8 டிகிரி செல்சியஸ். இருக்க வேண்டியது 36.5 முதல் 37.5 வரை.

நர்ஸம்மா விளக்கினார்: "நம்ம உடம்பைச் சுத்தி மெல்லிசா ஒரு கதகதப்பு இருக்கும்மா. காத்து அதை அடிச்சிட்டுப் போயிடும். ஈரமும் சேர்ந்தா ரெட்டிப்பு நஷ்டம். பச்சைப் புள்ளைக்குக் கொழுப்பு கம்மி, நடுங்கிச் சூடு உண்டாக்கவும் தெரியாது. வயசானவங்களுக்கோ குளிர்றதே தாமதமாத்தான் தெரியும்."

தாயின் மார்போடு அணைக்கும் அந்த முறையைத்தான் 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகர டாக்டர்கள், எடை குறைந்த குழந்தைகளுக்குச் சிகிச்சையாகவே கொண்டுவந்தார்களாம். நம் பூக்கார அம்மாளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஒரு மணி நேரத்தில் குழந்தை வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைப் போல் இனிமையான சங்கீதத்தை நான் கேட்டதில்லை!

மாலையில் நான் மட்டும் சந்நிதியில் நின்றேன். கரி என்றால் யானை. யானை வலம் வந்த தலம். இந்த வட்டாரத்துப் பஞ்சபூதத் தலங்களில் இது நெருப்பு. சிவகிரிப் பக்கத்துத் தென்மலை காற்று. இரண்டின் வேகத்தையும் தெரிந்துதான் பெரியவர்கள் வைத்தார்களோ?

சகோதரிகளே, பயணத்தில் குழந்தைக்குக் குல்லாவும் காலுறையும் மாற்றுத்துணியும் இருக்கட்டும். ஜன்னலோரம் வேண்டாம். கூட வரும் பாட்டி தாத்தாவுக்கும் ஒரு சால்வை. பாதமும் வயிறும் சில்லிட்டு, குழந்தை பால் குடிக்க மறுத்துச் சோர்ந்தால், வெந்நீர் பாட்டில் வைக்காதீர்கள், சுட்டுவிடும். மார்போடு அணைத்தபடி டாக்டரிடம் ஓடுங்கள்.

அழாத குழந்தை எப்போதும் சமர்த்துக் குழந்தை அல்ல!