அயலார் ஒருவர் அவை நடத்திய நாள்

புதுவையிற் பிறந்து வளர்ந்த எமக்கு வைசியாள் வீதி பள்ளிக்குப் போகும் வழியாகவே இருந்தது. அதன் திண்ணைகளும் தாழ்வாரங்களும் மரத்தூண்களும் நாடோறும் கண்ணிற் பட்டும் கருத்திற் படவில்லை. கல்லூரிக்கு வந்தபின்னரே அதன் வரலாற்றை அறிந்தோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின்கீழ் 2002 முதல் 2004 வரை புதுவை நகரம், இத்தாலியின் உர்பீனோ, பிரான்சின் வில்நேவ் சூர் லோத் ஆகிய நகரங்களோடு கைகோத்தது. இன்டாக் என்னும் மரபுக்காப்பு அமைப்பு உடனின்று உழைத்தது. அவ்வீதியில் ஏறத்தாழ 20 வீடுகளின் முகப்புகள் பழைய வடிவம் பெற்றன. 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுக்காப்பு விருதும் வந்தது. வந்தவர் எத்துணை வல்லுநராயினும், வீட்டுக்காரர் இசையாமல் ஒரு தூணையேனும் தொட்டிருக்க இயலுமோ என்று அப்பொழுது எண்ணினோம். அவ்வெண்ணத்தின் பொருள் இவ்வாண்டுதான் எமக்கு நன்கு விளங்கிற்று.

இவ்வாண்டு யாம் தமிழ்ச் சங்கத்தின் காரியதரிசியாயுள்ளோம். ஆண்டுத் திட்டம் வகுக்க மும்முறை கூடினோம். மும்முறையும் பூசலில் முடிந்தது. மூன்று நாள் முத்தமிழ் விழா எடுக்கவேண்டும் என்பது எம் கட்சி. நூலகத்திற் செல்லரித்துவரும் பழைய மலர்களைப் படமெடுத்துக் காக்கவே கைப்பொருளைச் செலவிடவேண்டும் என்பது எம் ஆருயிர் நண்பர் கட்சி. நான்காங் கூட்டத்திற்கு முன்னர்ப் பேராசிரியர், "வெளியிலிருந்து ஒருவரை அழைத்து அவையை நடத்தச் சொல்லுங்களேன், தம்பி" என்றார். எமக்குச் சினம் மூண்டது. நம் வீட்டு உலையில் எத்தனை படி அரிசி இடுவதென்று அடுத்த தெருவாரா சொல்வது?

இத்தகையோரை ஆங்கிலத்திற் பெசிலிட்டேட்டர் என்பர். ஃபசீல் என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு எளிது என்பது பொருளெனப் புதுவையார்க்குச் சொல்லவேண்டுவதில்லை. எனவே எளிதாக்குவோர் என்க. அறிவுரை கூறுவார் இவரின் வேறாவர். யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில், மக்கள் வழக்கையெல்லாம் காலைமுதல் மாலைவரை தனியொருவராய்க் கேட்டுச் சோரும் மோசேயைக் கண்ட மாமனார் எத்திரோ, பொறுப்பைப் பலர்க்குப் பகிருமாறு வழி கூறினார். கோவூர்கிழார் நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் இடைநின்று, எவர் தோற்பினும் தோற்பது சோழர் குடியே என இடித்துரைத்தார். எளிதாக்குவோர் முடிவுங் கூறார், இடித்தும் உரையார். வினவுவார், கேட்பார், பேசாதவரைப் பேசவைப்பார்.

எம் அவைக்கு வந்தவர், மகளிர் சுயவுதவிக் குழுக்களிடையே பல்லாண்டு உழைத்த ஓர் அம்மையார். வந்ததும் எம்மைத் தனியே அழைத்து, "திட்டம் முன்னமே முடிவாகிவிட்டதா? ஆகியிருந்தால் நான் வேண்டா, நீங்களே அறிவித்துவிடலாம்" என்றார். "இல்லை, அம்மா" என்றோம். அது பொய். எம் சட்டைப்பையில் விழாவின் நிகழ்ச்சிநிரல், நாளும் நேரமும் குறித்து மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவர் முன்னிலையில் அதற்கு ஒப்புதல் பெற்றுவிடுவதே எம் உள்ளக் கிடக்கை.

இறுதி முடிவு செய்யும் உரிமை எவர்க்குளது என்பதை அவையறியக் கூறுமாறு முதலிற் பணித்தார். பின்னர் ஆளுக்கொரு தாள்துண்டு தந்து, பேசாமலும் பெயரிடாமலும் கருத்தை எழுதச் செய்தார். அவற்றைச் சுவரில் ஒட்டி, ஒத்தவற்றை எம்மைக்கொண்டே ஒருங்கு சேர்ப்பித்தார். இடையில் தலைகாட்டிய பழம்பூசல்களை, எழுப்பியவர் கையாலேயே வேறொரு தாளில் எழுதுவித்து மூலையில் மாட்டி, "இது இங்கே இருக்கட்டும், மறக்கமாட்டோம்" என்றார். உரத்த குரலுடையார் நால்வர், எம்மையுஞ் சேர்த்தே, அரைமணி நேரம் வாய்மூடியிருந்தது யாம் அறிந்தவரை அன்றுதான்.

"முதலாமாண்டு மாணவர் எத்தனைபேர் கூட்டத்திற்கு வருகிறார்கள்?" என்று அடுத்து வினவினார். எமக்குந் தெரியவில்லை, நண்பருக்குந் தெரியவில்லை. சுவரிலிருந்த ஏழு துண்டுகள் ஒன்றையே கூறின: கூட்டம் மாலை 6 மணிக்கு, ஊர்ப் பேருந்து 5.30 மணிக்கு. கடைசி வரிசையிலிருந்த ஒரு மாணவன் எழுந்து, "அண்ணா, விழாவும் எனக்கு வேண்டும், பழைய மலரும் வேண்டும். ஆனால் இரண்டுக்கும் நான் இங்கே இருக்கமாட்டேன்" என்றான். அவன் பெயரும் எமக்குத் தெரியாது. இரு திங்களாக அவன்பொருட்டே வாதிடுவதாக யாமும் நண்பரும் எண்ணியிருந்தோம்!

அதன்பின் காரியம் விரைந்தது. கூட்டம் நண்பகல் உணவிடைவேளைக்கு மாறிற்று. விழா ஒருநாளாகச் சுருங்கிற்று. எஞ்சிய பணம் மலர்களுக்கு. ஒவ்வொரு பணிக்கும் ஒருவர் பெயரும் ஒரு நாளும் குறிக்கப்பட்டன. இவற்றுள் ஒன்றையேனும் அம்மையார் சொல்லவில்லை. எல்லாம் எம்மவர் வாயிலிருந்து வந்தவையே. வைசியாள் வீதி வீட்டுக்காரர் எமக்கு நினைவுக்கு வந்தனர்.

அம்மையார் 4 மணிக்கே விடைபெற்றார். அடுத்த திங்களில் மூன்று பணிகள் நாள் தவறின. ஏனென்று கேட்க அவர் இல்லை, யாமே கேட்கவேண்டியதாயிற்று. அஃது அவரை அழைக்க இசைந்ததினும் கடினமாயிருந்தது.

மூலையில் மாட்டிய தாள் சங்க அறையில் இன்னும் தொங்குகிறது. "காரியதரிசி பிறரைப் பேசவிடுவதில்லை" என்பது அதன் முதல் வரி. எழுத்து எம் நண்பருடையது. அதுபற்றி இருவரும் இதுவரை பேசவில்லை. அடுத்த கூட்டத்தின் நிரலில் அதனை முதலில் வைத்துள்ளோம்.