ஒரு பிடி மண்

சிவராத்திரியோடு குளிர் 'சிவ சிவா' என்று சொல்லிக்கொண்டே போய்விடும் என்பது தெலுங்கு வழக்கு. அது போன மறுவாரம், ஹைதராபாத்தின் கச்சிபௌலியில் ஒரு கணினி நிறுவன வளாகத்துக்குப் போனேன். அங்கே தோட்டப் பொறுப்பில் இருக்கும் நண்பர்தான் கூப்பிட்டிருந்தார். "புல்தரையில் கோரை ஏறிவிட்டது. களை எடுக்க ஓர் அம்மா வருகிறார். அவர் கையை ஒருமுறை வந்து பாருங்கள்."

காலை ஏழு மணிக்கே ஒன்பது பெண்கள் புல்லில் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். எல்லோரும் பாலமூருக்காரர்கள். மகபூப்நகரின் பழைய பெயர் அது. மழை பொய்க்கும் அந்தச் சீமையிலிருந்து அணை கட்டவும் கால்வாய் வெட்டவும் கூட்டங்கூட்டமாக வெளியூர் போனவர்களைப் 'பாலமூரு லேபர்' என்றே ஊர் சொல்லும். வரிசையில் மூத்தவருக்கு அறுபது வயதிருக்கும். நான் 'அம்மா' என்றேன். அவர் 'பிட்டா' என்றார். தெலங்கானாவில் பெரியவர்கள் பிள்ளைகளை அழைக்கும் சொல்.

அவர் கையிலிருந்த குர்பியை விட்டு என் கண் நகரவில்லை. நம் ஊர்க் களைக்கொத்தின் உறவு. ஊர்க் கொல்லர் அடித்துத் தந்தது. வருஷக்கணக்காகத் தீட்டித் தீட்டி அலகு இரண்டு விரல் அகலத்துக்குத் தேய்ந்திருந்தது. ஒப்பந்ததாரர் கொடுத்த புதுக் குர்பி மரத்தடியில் கிடந்தது. "அது அகலம் பிட்டா. களையோடு பக்கத்துப் புல்லின் வேரையும் அறுக்கும்" என்றார். தேய்ந்த அலகு ஒரே ஒரு செடியின் ஓரமாக இறங்கியது. மணிக்கட்டை லேசாகத் திருப்பினார். கோரை கிழங்கோடு மேலே வந்தது. அது இருந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி மூடினார்.

தெலுங்கில் கோரையைத் 'துங்க' என்கிறார்கள். 1977இல் லிராய் ஹோமும் அவர் கூட்டாளிகளும் உலகின் மோசமான களைகளை வரிசைப்படுத்தியபோது முதலிடம் கொடுத்தது இந்தக் கோரைக்குத்தான். மண்ணுக்குள் நூல்போன்ற தண்டில் கிழங்குகள் மாலையாகக் கோத்துக் கிடக்கின்றன. இலையைப் பிடித்து இழுத்தால் நூல் அறுந்து, உறங்கிக் கிடந்த கிழங்குகளும் முளைவிடும். அதனால் முதல் நாளே தண்ணீர் விட்டு மண்ணை இளக்கி, பூ வருமுன் கிழங்கோடு தோண்ட வேண்டும் என்றார் அம்மா. எடுத்த கிழங்குகளைக் குப்பைக்குழியில் போடவில்லை. வெயிலில் காயட்டும் என்று சிமெண்ட் தளத்தில் பரப்பினார். குழியில் போட்டால் எருவோடு திரும்பி வருமாம்.

பார்த்தீனியத்துக்கு இங்கே 'வய்யாரி பாமா' என்று பெயர். 1950களில் புணே பக்கம் கண்ணில் பட்ட செடி நாடு முழுக்கப் பரவிவிட்டது. அதைத் தின்னும் மெக்சிகோ வண்டை 1984இல் பெங்களூரில் விட்டுப் பார்த்தார்கள், இன்னும் ஒழியவில்லை. பூப்பதற்குள் பிடுங்க வேண்டும், வெறுங்கையால் தொடக்கூடாது. அந்தப் பெண்கள் வெறுங்கையால்தான் பிடுங்கினார்கள். ஒருத்தியின் முழங்கையெல்லாம் தடிப்பு.

பொன்னாங்கண்ணியும் தரைப்பசலையும் வந்தபோது அம்மா அவற்றை முந்தானையில் முடிந்துகொண்டார். மருந்து படாத மூலை எது என்று அவருக்குத் தெரியும். அருகம்புல்லும் இங்கே களைதான்; மெக்சிகன் புல்லுக்கு நடுவே அது முளைக்கக்கூடாது. பிள்ளையாருக்கு வைக்கும் புல்லைப் பிடுங்கி எறியும்போது மட்டும் அவர் கை கொஞ்சம் தயங்கியது. ஊரில் வயல்காட்டில் தானாக முளைக்கும் குனுகைப் பற்றிச் சொன்னார். நம் பண்ணைக்கீரைதான் அது. இளசில் கறி, பூத்தால் பதுக்கம்மா பூத்திருவிழாவுக்கு. களைக்கொல்லி வந்தபின் அந்தப் பூவைத் தேடி வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறதாம்.

புல்தரையின் நடுவே வட்ட வட்டமாகப் பழுப்புத் திட்டுகள். பூஞ்சணம். சுத்திகரித்த கழிவுநீரை அந்திநேரத்தில் பாய்ச்சுகிறார்கள்; இலை விடிய விடிய ஈரத்தில் ஊறுகிறது. பச்சை ஏறட்டும் என்று யூரியாவையும் அள்ளி வீசுகிறார்கள். நோய்க்கு அது விருந்து. "விடிகாலையில் தண்ணீர் விடுங்கள், அடியொட்டப் புல் வெட்டாதீர்கள் என்று சொன்னேன். யார் கேட்டார்கள்?" என்றார் அம்மா.

கூலி எவ்வளவு என்று கேட்டேன். மேஸ்திரி நின்ற பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எழுதியிருப்பதைச் சொல்லவா, கைக்கு வருவதைச் சொல்லவா?" என்றார்.

வளாகம் ஒப்பந்ததாரருக்குக் கொடுக்கிறது, ஒப்பந்ததாரர் மேஸ்திரிக்கு, மேஸ்திரி இவர்களுக்கு. கை மாறும்போதெல்லாம் பணம் தேய்கிறது, அந்தக் குர்பியைப்போல. ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் வேலை கொடுத்த நிறுவனமே தர வேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே சொன்னது. பயிற்சி பெற்ற பூச்சி ஒழிப்பு ஆட்களைத் தவிர வேறு யாரும் கிளைபோசேட் களைக்கொல்லியைத் தெளிக்கக்கூடாது என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு உத்தரவிட்டது. இங்கே நடைபாதை ஓரத்தில் முகமூடி இல்லாத ஒரு பையன் ஏதோ ஒரு களைக்கொல்லியைத் தெளித்துக்கொண்டிருந்தான். டப்பாவில் என்ன இருக்கிறதென்று அவனுக்கே தெரியவில்லை. சட்டம் காகிதத்தில் இருக்கிறது, நஞ்சு அவன் மூச்சில் போகிறது. கோடிகள் புரளும் கட்டடத்தின் வாசலில் ஒரு ஜோடி கையுறைக்குப் பணமில்லை என்றால், இல்லாதது பணமல்ல. புல்லைக் காப்பாற்றத் தெரிந்த நமக்கு, அதைக் காக்கும் தோலைக் காப்பாற்றத் தோன்றவில்லை.

பதினொரு மணிக்கு லாரி வந்தது. புல்லின் மேல் தூவ ஒரு லோடு செம்மண். அனுப்பியதும் அதே ஒப்பந்ததாரர்தான். அம்மா எழுந்து போய்ச் சரிந்து கிடந்த மண்ணில் கைவிட்டு ஒரு பிடி அள்ளினார். விரல்களுக்கிடையே மண்ணை உதிர்த்துவிட்டு உள்ளங்கையை என் முன் நீட்டினார். கறுப்பாக, சுண்டைக்காய் அளவில் மூன்று கிழங்குகள்.

"துங்க" என்றார்.

நண்பர் அதைப் பார்த்துவிட்டு வாயிலுக்கு ஓடினார். அதற்குள் மேற்பார்வையாளர் ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தார். அம்மா மூன்று கிழங்கையும் சிமெண்ட் தளத்தில் வைத்துவிட்டு, வரிசையில் தன் இடத்துக்குப் போய்க் குந்தினார்.