லீவு முடிந்தால் திரும்பி வரணுமே!

திருவண்ணாமலை தீபம் பார்த்தவர்கள் நம்மில் ஏராளம். அங்கிருந்து போளூர் வழியாக ஜவ்வாது மலைக்குப் போனவர்கள் எத்தனை பேர்? தை மாதக் கடைசியில் நான் போய் வந்தேன். என் நாத்தனார் அங்கே ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியை. வளைந்து வளைந்து ஏறிய பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே ஜமுனாமரத்தூர் போய்ச் சேர்ந்தேன். அப்பப்பா, என்ன குளிர்!

இங்கே வாழ்பவர்கள் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளம் என்று நினைத்துவிடாதீர்கள், பேசுவது தமிழ்தான். சாமை, பலா, புளி, தேன் எல்லாம் விளைகிற மலை. ஆனாலும் அறுவடை முடிந்தால் பிழைப்புக்காகக் காபித் தோட்டங்களுக்கும் திருப்பூருக்கும் இறங்கிவிடுகிறார்கள். கிராமங்களோ தள்ளித் தள்ளி இருக்கின்றன. அதனால்தான் பிள்ளைகள் தங்கிப் படிக்க இந்தப் பள்ளிகள். சாப்பாடு, புத்தகம், சீருடை எல்லாம் அரசு செலவு.

“அப்புறம் என்ன குறை?” என்று கேட்டேன்.

“அண்ணி, பிள்ளைங்களைச் சேர்க்கிறது சுலபம். பொங்கல் லீவுக்குப் போனவங்க திரும்பி வரதுதான் கஷ்டம்!” என்றாள்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி இரண்டு வாரமாக வரவில்லை. மறுநாள் காலை அவளைத் தேடி இருவரும் நடந்தோம். வீட்டு வாசலில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள் அந்தப் பெண். எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

“பெரியவளாயிட்டா டீச்சர். அங்கே யாரு பாத்துக்குவா? நாங்க தோட்டத்துக்குப் போயிட்டா சின்னவனை யாரு வெச்சுப்பாங்க?” என்றாள் தாய்.

ஒரு பெண்ணைப் பெற்றவளாக எனக்கு அவளைக் குறை சொல்லத் தோன்றவில்லை. நாத்தனாரும் உபதேசம் செய்யவில்லை. “என் பக்கத்து அறையிலதான் படுக்கப் போறா. நாப்கின், சுடுதண்ணி எல்லாம் நான் பாத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை தவறாம உங்ககிட்ட போன்ல பேசுவா” என்றாள். சின்னவனைப் பகலில் அங்கன்வாடியில் விடலாம், மற்ற நேரம் தான் பார்த்துக்கொள்வதாகப் பாட்டி ஒப்புக்கொண்டாள்.

பிறகு ஸ்ரீபதியின் கதையைச் சொன்னாள். இதே மலையில் புலியூரைச் சேர்ந்த பெண். 2023-இல் பிரசவமான இரண்டாம் நாளே சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதி, 23 வயதில் சிவில் நீதிபதியாகத் தேர்வு பெற்றவர்.

“பச்சை உடம்போடயா!” என்று வாயில் கை வைத்தாள் அந்தத் தாய். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு உள்ளே போய், மகளின் தகரப் பெட்டியை எடுத்து வந்து வைத்தாள்.

திரும்பும் வழியில், “நாங்க என்ன உதவி செய்யலாம்?” என்று கேட்டேன். நாத்தனார் சொன்னதை அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன். பழந்துணி மூட்டை வேண்டாம். பிறந்தநாளன்று ஒரு வேளை பாயசம் போட்டுப் போட்டோ எடுப்பதும் வேண்டாம். தலைமை ஆசிரியரை முதலில் கேளுங்கள். கம்பளி, புது உள்ளாடை, நாப்கின், தேங்காய் எண்ணெய், பேன் சீப்பு இவைதான் தேவைப்படும். சொறி வந்தால் ஒரு குழந்தைக்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. உடன் படுக்கும் எல்லோருக்கும் ஒரே நாளில் போட்டு, துணி, போர்வைகளையும் வெந்நீரில் அலச வேண்டும்.

எல்லாவற்றையும்விட, லீவு முடிந்ததும் வீடு தேடி வர ஓர் ஆள் வேண்டும். அப்படிப் போகிறவரின் பஸ் செலவை ஏற்றுக்கொண்டால் அதுவும் பெரிய உதவிதான். நான் என் பங்கைக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.