பேருந்தில் ஒரு நகர்வலம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஊர் சுற்றிப் பார்க்கக் கையில் காசு வேண்டும் என்பார்கள். எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே! 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை அல்லவா?

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து நாங்கள் அயனம்பாக்கத்துக்குக் குடிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அப்பாவுக்குக் கட்டட வேலை. அம்மாவும் சித்தாளாகப் போய்க்கொண்டிருந்தாள். மூட்டுவலி வந்த பிறகு வீட்டிலிருந்தபடியே சேலைகளுக்கு ஃபால்ஸ் தைக்கத் தொடங்கினாள். துணியையும் நூலையும் தெருக்கடையில் வாங்கினால் கூலியில் பாதி அங்கேயே கரைந்துவிடும். மலிவான கடைத்தெருவைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு, எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் என்ற முறையில் என் தலையில் விழுந்தது.

எல்லோரும் தியாகராய நகர் என்றார்கள். ஒருமுறை போய்ப் பார்த்தேன். அப்பப்பா, அந்த நெரிசலில் அம்மாவால் பத்தடி நடக்க முடியாது! ஆவடியே எங்களுக்கேற்ற நகரம் என்று முடிவு செய்தேன். 2019-இல் மாநகராட்சியாகிவிட்டாலும், இரண்டு தெரு சுற்றினால் மூன்றாம் தெருவில் பழகிய முகம் தென்படும் ஊர் அது.

அம்பத்தூரில் வண்டி மாறித் திருவள்ளூர் நெடுஞ்சாலையில் மேற்கே போக வேண்டும். அந்த வழியின் நிறுத்தங்களுக்கு வாய்த்த பெயர்கள் இருக்கின்றனவே! “டன்லப்” என்று நடத்துநர் குரல் கொடுப்பார்; டயர் செய்த அந்த ஆலை மூடிக் கிடக்கிறது. “டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்” என்பார். கைபேசியில் பேசிக்கொண்டே நாலு பேர் இறங்குவார்கள். திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலில் வெள்ளெருக்குத் தூண்கள் உண்டாம். இன்னும் இறங்கிப் பார்க்க வாய்க்கவில்லை.

ஆவடி என்பது டாங்கித் தொழிற்சாலையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் என்று பேருந்தில் ஒரு பெரியவர் அடித்துச் சொன்னார். அந்தத் தொழிற்சாலை தொடங்கியது 1961-இல். அதற்கு முன்பே, 1955 ஜனவரியில், சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்பதென்று காங்கிரஸ் மாநாடு தீர்மானித்தது இதே ஆவடியில்தானே? பெரியவரிடம் வாதாடவில்லை, எனக்கு உட்கார இடம் கொடுத்தவர் அவர்.

மூன்று ஞாயிறுகள் நியூ மிலிட்டரி ரோட்டிலும் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களிலும் கடைகடையாக ஏறி இறங்கினேன். வாங்காமல் விலை மட்டும் கேட்பவளைக் கடைக்காரர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமோ? விலைகளை ஆய்வக நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டேன். எங்கள் தெருவில் 25 ரூபாய்க்கு விற்கும் ஃபால்ஸ், அங்கே டஜனாக எடுத்தால் ஒன்று 15 ரூபாய். டஜனுக்கு 120 ரூபாய் மிச்சம்! பேருந்துக்குக் காசு கொடுத்துப் போவதென்றால் இந்த மிச்சமும் தேய்ந்திருக்கும்.

நான்காம் ஞாயிறு அம்மாவை அழைத்துப் போனேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். ரூபாய் நோட்டு கற்றுக்கொடுத்த பாடம் அது. ஆனால் பேருந்துக்கு எண் மட்டும் போதாதே! எண்ணோடு ‘கட்’ என்று போட்டிருந்தால் வண்டி கடைசிவரை போகாமல் நடுவழியிலேயே நின்றுவிடும். நிறுத்தத்தில் யாரையாவது கேட்டால், “போர்டுதான் இருக்குதே, படிச்சுப் பாரும்மா” என்கிறார்கள். அம்மா பதில் பேசாமல் அடுத்த வண்டிக்கு ஒதுங்கி நிற்பாள். எத்தனை வண்டிகளை இப்படி விட்டாளோ!

அன்று அம்பத்தூரில் பலகையைக் காட்டி, “வளைந்து சுழித்து வால் நீட்டியிருக்கிறதே, அதுதான் ‘ஆ’. முதலில் அது இருக்கிறதா என்று பார்” என்றேன். அடுத்த வாரம் கல்லூரியில் எனக்குச் செய்முறைத் தேர்வு. அம்மா தனியாகவே போய் இரண்டு டஜன் எடுத்து வந்துவிட்டாள்.

போன வாரம் இருவரும் கடைக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஆவின் பாலகத்தின் முன் அம்மா சட்டென்று நின்றாள்.

“ஏன் கண்ணு, இங்கேயும் ஆவடின்னா போட்டிருக்கு?”

“முதல் எழுத்துதான் ஒன்று அம்மா. மற்றது வேறு.”

அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“ரெண்டாவது எழுத்துகூட அதே மாதிரிதான் இருக்கு. மேலே என்னமோ கொம்பு வச்சிருக்காங்களே, அதுக்கு என்ன பேரு?”