மூன்று ஓலைகளும் ஓர் ஒப்பந்தமும்

கடந்த மழைக்காலத்தில் எங்கள் இல்லத்தில் புதிய வழக்கமொன்று தொடங்கிற்று. எங்கள் இருவரில் ஒருவருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்தது. புதிய மூக்குக் கண்ணாடி வந்து சேரும்வரை எழுத்துகள் யாவும் பனிமூட்டத்தில் தோய்ந்தவைபோல் தோன்றின. படிக்காமல் ஒரு மாலைப் பொழுதையும் கழித்தறியாத எங்களுக்கு அது பெருந்தண்டனை. ஆகவே, ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பது என்று முடிவு செய்தோம். செபமாலை முடிந்ததும் விளக்கருகே அமர்வோம். அலமாரியின் அடித்தட்டில் பழைய ஆங்கில நாவல்கள் சில கட்டாய்க் கிடந்தன. எங்கள் ஊர் வாடகை நூலகம் மூடப்பட்ட நாளில் எடைக்கு வாங்கியவை. அவற்றுள் பெரும்பாலானவை ஜார்ஜெட் ஹேயர் என்னும் எழுத்தாளரின் காதற்கதைகள்.

அக்கதைகள் நிகழும் காலத்தை ஆங்கிலேயர் 'ரீஜென்ஸி' என்பர். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநலம் குன்றியமையால், அவருடைய மூத்த மகன் 1811 பிப்ரவரியில் அரசப் பிரதிநிதியாகப் பொறுப்பேற்றார். 1820 சனவரியில் தந்தை இறக்கும்வரை அப்பொறுப்பு நீடித்தது. இந்த ஒன்பது ஆண்டுகளுக்குள்தான் ஜேன் ஆஸ்டினின் ஆறு நாவல்களும் அச்சேறின. வாட்டர்லூ போர் நிகழ்ந்தது. ஒரு நூற்றாண்டு கழிந்தபின், 1902இல் பிறந்த ஹேயர் அம்மையார் அக்காலத்தைத் தம் கதைக்களமாகத் தேர்ந்துகொண்டார். 1935இல் வெளிவந்த 'ரீஜென்ஸி பக்' அவ்வகையில் அவரது முதல் நாவல். 1974இல் மறையும்வரை எழுதிக்கொண்டேயிருந்தார். இன்று உலகெங்கும் விற்பனையாகும் ரீஜென்ஸி காதற்கதைகள் பெரும்பாலும் அவர் வெட்டிய வாய்க்காலில் ஓடும் நீரே.

இளமையில் இக்கதைகளை நாங்கள் தனித்தனியே படித்தோம். நடன அரங்கின் மெழுகுவர்த்தி ஒளி, பட்டுக் கையுறைகள், ஒரு சொல்லால் விளைந்த மனத்தாங்கல், நள்ளிரவில் விரையும் குதிரை வண்டி, இறுதிப் பக்கத்தில் தயங்கித் தயங்கி வெளிவரும் காதல் மொழி. அத்துடன் திரை விழுந்துவிடும். மணத்திற்குப் பிந்திய மறுநாள் காலையைப் பற்றிப் பெரும்பாலான கதைகளில் ஒரு சொல்லும் இராது. அந்த மறுநாள்களை ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுகளாய் வாழ்ந்து முடித்துவிட்டுச் சேர்ந்து படித்தபோதுதான், அலங்காரத் திரைக்குப் பின்னால் நின்ற சட்டமும் பணமும் அச்சமும் எங்கள் கண்களுக்குப் புலப்பட்டன.

1753இல் இயற்றப்பட்டு மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டம், இங்கிலாந்தில் மறைமுகத் திருமணங்களுக்கு முற்றுப்புள்ளி வைக்க முனைந்தது. மணமக்களின் பெயர்கள் கோயிலில் மூன்று ஞாயிறுகள் அறிவிக்கப்படவேண்டும். இன்றேல் அதற்குரிய உரிமம் பெறவேண்டும். இருபத்தொரு வயது நிரம்பாதவர் உரிமத்தின்பேரில் மணம் புரியப் பெற்றோரின் இசைவு தேவை. ஆனால் அச்சட்டம் ஸ்காட்லாந்தைக் கட்டுப்படுத்தவில்லை. அங்கே சாட்சிகள் முன்னிலையில் இருவரும் இசைவு தெரிவித்தாலே மணம் செல்லும். அதனால்தான் கதைகளில் வரும் இளங்காதலர் எல்லையோரச் சிற்றூரான கிரெட்னா கிரீனை நோக்கி ஓடுகின்றனர்.

மூன்று ஞாயிறுகள் என்று வாசித்ததும் எங்கள் இருவருக்கும் நம் பங்குக் கோயில் ஓலை நினைவுக்கு வந்தது. திருமண அறிவிப்பு 1215இல் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் திருச்சபை முழுமைக்கும் விதித்த ஒழுங்கு. ஆங்கிலத் திருச்சபை பிரிந்து சென்ற பின்னும் அவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. எங்களுக்கும் மூன்று ஓலைகள் வாசிக்கப்பட்டன. எவரும் எழுந்து தடை சொல்லவில்லை. உறவுமுறைத் தடை உண்டா, முந்திய மணம் உண்டா என்று ஓலை கேட்கும். நெஞ்சுக்குள் ஒளிந்திருக்கும் தடையை அது கேட்பதில்லை, கேட்கவும் இயலாது.

அந்நாளைய ஆங்கிலப் பெண்ணுக்குத் திருமணம் எத்தகைய துணிவு என்பதையும் இப்போதுதான் உணர்ந்தோம். பொதுச்சட்டத்தின்படி, மணமானதும் அவளுடைய பணமும் பொருளும் கணவனுக்குச் சொந்தமாயின. செல்வக் குடும்பத்தார் மட்டும் தனி ஒப்பந்தங்கள் எழுதி மகளுக்கெனச் சிறிது காத்துவைத்தனர். மனைவியின் சொத்துரிமையைச் சட்டம் ஏற்கத் தொடங்கியது 1870இல். முழுமையாக ஏற்றது 1882இல். 1857 வரை, மறுமணத்திற்கு இடந்தரும் மணமுறிவைப் பெற நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற வேண்டியிருந்தது. அவ்வழியில் மணமுறிவு பெற்ற பெண்கள் நால்வர் மட்டுமே. தவறான ஒருவனுக்குத் தலையசைத்துவிட்டால் மீட்சி இல்லை. கதைத் தலைவியின் தயக்கத்தை இளமையில் நாங்கள் நாணம் என்று எண்ணினோம். அது கணக்கும் அச்சமும் கலந்த விவேகம்.

ஜேன் ஆஸ்டினே இதற்குச் சான்று. 1802 டிசம்பரில், பெருநிலம் ஒன்றுக்கு வாரிசான ஹாரிஸ் பிக்-விதர் அவரை மணக்கக் கேட்டார். ஆஸ்டின் இசைந்தார். ஓர் இரவு கழிந்தது. மறுநாள் காலை தம் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த இரவில் அவர் என்ன எண்ணினார் என்பதைச் சொல்லும் அவர் கடிதம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அதன்பின் மணம் புரியாமலேயே 1817இல், நாற்பத்தொரு வயதில் இறந்தார்.

கத்தோலிக்கராகிய நம் உள்ளத்தை இன்னும் நெருங்கித் தொடும் வரலாறு ஒன்றும் அக்காலத்தில் உண்டு. அன்றைய இங்கிலாந்தில் யூதர்க்கும் குவேக்கர் சபையார்க்கும் மட்டுமே விலக்கு இருந்தது. கத்தோலிக்கர் தம் மணம் சட்டத்தில் செல்ல வேண்டுமானால் ஆங்கிலத் திருச்சபைக் கோயிலுக்கே செல்ல வேண்டியிருந்தது. தம் குருவின் முன் ஒருமுறை, சட்டத்தின் முன் ஒருமுறை என்று இருமுறை மணம் செய்துகொண்டோர் பலர். 1836ஆம் ஆண்டுச் சட்டம்தான் இந்நிலையை மாற்றியது.

அரசப் பிரதிநிதியான இளவரசரே ஒரு கத்தோலிக்கப் பெண்ணை மணந்தவர். இருமுறை கணவரை இழந்த மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட் என்னும் அம்மையாரை, 1785 டிசம்பர் 15ஆம் நாள், இலண்டனில் அவருடைய இல்லத்திலேயே மறைவாக மணந்தார். மன்னரின் இசைவு பெறாத அரச குடும்பத்தார் மணம் 1772ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லாது. மேலும், கத்தோலிக்கரை மணந்தவர் அரியணை ஏற இயலாது. பத்து ஆண்டுகள் கழித்து, கடன் சுமை அழுத்த, இளவரசர் புரூன்ஸ்விக் நாட்டு இளவரசி கரோலினை ஊரறிய மணந்தார். சில ஆண்டுகளில் அவரை விட்டு விலகி, மரியாவை மீண்டும் அழைத்தார். அம்மையார் உடனே செல்லவில்லை. உரோமையின் கருத்தைக் கேட்டார். அவர் இளவரசரின் உண்மை மனைவியே என்ற விடை வந்தது. அதன் பின்னரே சென்றார். அந்த வாழ்வும் நீடிக்கவில்லை; இளவரசர் மீண்டும் பிரிந்தார். ஆயினும் 1830இல் மன்னராக இறந்த அவர், மரியாவின் சிற்றோவியத்தைக் கழுத்தில் அணிந்தவாறே அடக்கம் செய்யப்பட்டார் என்பர். 1837இல் மறைந்த அம்மையார் பிரைட்டனில் புனித திருமுழுக்கு யோவான் ஆலயத்தில் துயில்கிறார். அங்குள்ள நினைவுச் சிலையின் விரலில் மூன்று மோதிரங்கள் செதுக்கப்பட்டுள்ளன. நாடு மறுத்த மூன்றாம் மோதிரத்தைக் கல் மறுக்கவில்லை. கத்தோலிக்கரை மணப்பதற்கான அத்தடையை இங்கிலாந்து நீக்கியது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான்.

இவ்வாறு படித்தும் பேசியும் வந்த நாங்கள், இறுதியாக 1961இல் வெளிவந்த 'எ சிவில் கான்ட்ராக்ட்' என்னும் நாவலை எடுத்தோம். பிற கதைகள் முடியும் இடத்தில் இது தொடங்குகிறது. ஆடம் என்னும் போர்வீரர், தந்தை இறந்ததும் பட்டத்தையும் பெருங்கடனையும் ஒருங்கே பெறுகிறார். ஜூலியா என்னும் பேரழகியை அவர் உயிராய் நேசிக்கிறார். ஆனால் குடும்ப நிலத்தைக் காக்கச் செல்வ வணிகர் ஒருவரின் மகளான ஜென்னியை மணக்கிறார். ஜென்னிக்கு அழகு இல்லை; நயமான பேச்சும் இல்லை. அவள் அவரை முன்பே நேசித்தாள். அவர் உள்ளம் வேறிடத்தில் இருப்பதையும் அறிவாள். அறிந்தே வருகிறாள். அவர் விரும்பும் உணவைக் கவனிக்கிறாள்; அவர் சோர்ந்திருக்கும் வேளையில் பேசாதிருக்கிறாள். ஒரு நாளும் அவள் அதைப் பற்றிக் கேட்பதில்லை.

அந்த இடத்தில் வாசிப்பு நின்றது. எங்களில் ஒருவருக்கு, ஓலை வாசிக்கப்படுவதற்கு முன் வேறொருவர்மீது நாட்டம் இருந்தது. வீட்டார் இசையவில்லை. பெற்றோர் சொற்படி இம்மணம் நடந்தது. இதை முப்பத்தேழு ஆண்டுகளாய் நாங்கள் பேசியதேயில்லை. அன்று, கண்ணுக்குப் பச்சைத் துணி மறைப்புப் போட்டிருந்தவர் மெல்லக் கேட்டார், "அந்த நினைவு இன்னும் உண்டா?" என்று.

வாசித்தவர் புத்தகத்தை மூடவில்லை. முதல் ஓரிரு ஆண்டுகள் இருந்தது என்றார். எப்போது போயிற்று என்று சொல்லத் தெரியவில்லை; மூத்த குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு இருவரும் விடிய விடிய விழித்திருந்த நாள்களில் ஒன்றாய் இருக்கலாம்; பின்னொரு நாள் தேடிப் பார்த்தபோது அது அங்கே இல்லை என்றார். கேட்டவர், ஓலை வாசித்த கிழமையிலேயே உறவினர் ஒருவர் வாயிலாகத் தமக்குத் தெரியும் என்றார். அறிந்த அந்நாள் முதல், காலந்தாழ்ந்து வீடு திரும்பிய ஒவ்வொரு மாலைக்கும், காரணமின்றி நேர்ந்த ஒவ்வொரு மௌனத்திற்கும் அந்த ஒரே பொருளைத்தான் கொண்டிருந்ததாகவும் சொன்னார்.

அந்த இரவு எங்களுக்கு எளிதாய்க் கழியவில்லை. நிம்மதியினும் வருத்தமே மிகுதியாய் இருந்தது. இல்லாத ஒன்றுக்காக ஒருவர் அத்தனை ஆண்டுகள் நொந்திருக்கிறார். இல்லை என்று ஒரு சொல் சொல்ல மற்றவருக்குத் தோன்றவில்லை. பெருந்தன்மை என்று நாங்கள் எண்ணிய மௌனத்தில் பாதி அச்சமே.

மறுநாள் செபமாலை முடிந்தபின் கதையை வாசித்து முடித்தோம். ஜூலியா வேறொருவரை மணக்கிறாள். ஆடம் தம் நிலத்திலும் மகனிலும் ஜென்னியிலும் வேர்கொள்கிறார். தாம் பெற்ற வாழ்வே தமக்கு உகந்தது என்று உணர்கிறார். முதற்காதலின் தீப்பிழம்பு திரும்புவதில்லை. அடுப்பின் கணப்பு நிலைக்கிறது. ஜென்னிக்குக் குறைவாகவே கிடைத்தது என்று எங்களில் ஒருவர் வழக்காடினார். ஜூலியாவுக்குக் கிடைக்கக்கூடியதைவிட மிகுதியே கிடைத்தது என்றார் மற்றவர். யார் எதைச் சொன்னோம் என்பதை வாசகர் உய்த்துணர்வர். இன்றுவரை அவ்வழக்கு தீரவில்லை. ஆனால் இப்போது அதை உரக்கப் பேசிக்கொள்கிறோம்.

நம் பங்கில் மணமாகவிருக்கும் இளையோருக்கான முன்தயாரிப்பு வகுப்பில், அனுபவம் பகிர எங்களை அழைப்பதுண்டு. பொறுமை, விட்டுக்கொடுத்தல் என்றே இதுநாள்வரை பேசி வந்தோம். இவ்வாண்டு ஒன்றைச் சேர்த்துக்கொண்டோம். ஓலை மூன்று ஞாயிறுகளோடு முடிகிறது. ஒருவரையொருவர் கேட்டறிய வேண்டிய ஞாயிறுகள் அதன்பின்தான் தொடங்குகின்றன. பலிபீடத்தின் முன் சொல்லும் இசைவு ஒரே நாளில் அருட்சாதனம் ஆகிவிடுகிறது. அது எங்கள் சொந்தச் சொல்லாக ஆவதற்குப் பல்லாண்டுகள் தேவைப்பட்டன.

புதிய மூக்குக் கண்ணாடி வந்துவிட்டது. எழுத்துகள் இப்போது தெளிவாகத் தெரிகின்றன. ஆயினும் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கும் வழக்கத்தை நாங்கள் விடவில்லை.