சுருண்ட பாம்பு அவிழும் வரை

வந்த நாள்

பந்து மலைப்பாம்பு பயந்தால் கடிக்க வருவதில்லை. பெரும்பாலும் உடலை இறுகச் சுருட்டித் தலையை நடுவில் புதைத்துக்கொள்ளும். செனகல் முதல் உகாண்டா வரையுள்ள நிலப்பகுதியில், கறையான் புற்றுகளிலும் எலி வளைகளிலும் பகலைக் கழிக்கும் இனம் இது. அமெரிக்க, பிரிட்டிஷ் வீடுகளில் பரவலாக வளர்க்கப்படுகிறது. கானா, டோகோ, பெனின் நாடுகளின் காடுகளிலிருந்து பிடித்து அனுப்பப்படுபவற்றைவிட, வளர்ப்பிடத்திலேயே பொரித்த குட்டிகள் எளிதில் பழகும். இந்திய மலைப்பாம்பு வேறு இனம். அதை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கூண்டில் இரண்டு மறைவிடங்கள் வேண்டும்: 31 முதல் 32 டிகிரி செல்சியஸ் உள்ள சூடான பக்கத்தில் ஒன்று, 25 முதல் 27 டிகிரி உள்ள குளிர்ந்த பக்கத்தில் ஒன்று. ஒன்று மட்டும் இருந்தால், ஒளிவதா உடல் வெப்பத்தைச் சீராக்குவதா என்ற நெருக்கடி பாம்புக்கு வந்துவிடும். மறைவிடம் விசாலமாக இருக்கக் கூடாது. சுருண்ட உடல் எல்லாப் பக்கமும் சுவரில் உரசினால்தான் அதற்குப் பாதுகாப்பு.

முதல் வாரம்

தண்ணீர் மாற்றுவதற்கு மட்டுமே கூண்டு திறக்கப்படுகிறது. பாம்புக்குப் புறச்செவி இல்லை. தரையின் அதிர்வுகளைத் தாடை எலும்பு வழியாக உணர்கிறது. கதவை அறைந்து சாத்துவதும் ஒலிபெருக்கிப் பெட்டியைக் கூண்டருகே வைப்பதும் அதற்குத் தொல்லையே. பிளவுபட்ட நாக்கு காற்றிலிருக்கும் வாடைத் துகள்களை எடுத்து மேல்வாயிலுள்ள ஜேக்கப்சன் உறுப்புக்குக் கொண்டுபோகிறது. வளர்ப்பவரின் வாடை நாள்தோறும் வருகிறது, அதனோடு தீங்கு எதுவும் வருவதில்லை. அறிமுகம் இப்படித்தான் தொடங்குகிறது. வாங்கி வந்த ஆவலில் இந்த வாரத்தைப் பொறுக்காமல் கையில் எடுப்பவர்களே அதிகம். பின்னால் வரும் தொல்லைகளில் பல இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

முதல் இரை

உதட்டோரக் குழிகளால் வெதுவெதுப்பான உயிர்களின் வெப்பத்தை இது இருட்டிலும் கண்டறியும். எலி வாடை ஒட்டிய கையும் அதற்கு எலிதான். எனவே, உறைய வைத்த எலியை உருக்கிச் சூடேற்றி நீண்ட இடுக்கியால் நீட்டுவதே முறை. பாம்பு முகத்தைத் திருப்பிக்கொண்டால் எலியை எடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருக்கலாம். தினமும் நீட்டிக் கெஞ்சுவது பயத்தைத்தான் வளர்க்கும். வளர்ந்த பந்து மலைப்பாம்பு சில மாதங்கள்கூட உண்ணாமல் நலமாக இருக்கும். எடை குறைந்தால் மட்டும் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரை விழுங்கியபின் 48 மணி நேரம் தொடக் கூடாது, தொட்டால் கக்கிவிடக்கூடும்.

கை தொட்ட நாள்

சில முறை தவறாமல் இரை எடுத்தபின் கையில் எடுக்கத் தொடங்கலாம். மேலிருந்து இறங்கும் கை பருந்தின் தாக்குதலை ஒத்தது. ஆகவே பக்கவாட்டில், தாழ்வாக, நடுவுடலை நோக்கிக் கை போக வேண்டும். அதற்குமுன் பாம்புக் கொக்கியாலோ சுருட்டிய காகிதத்தாலோ உடலை மெல்லத் தொடுவது நல்ல பழக்கம்: இந்தத் தொடுகைக்குப்பின் இரை வராது என்பதைப் பாம்பு விரைவில் கற்றுக்கொள்கிறது. கையில் சுருண்டுவிட்டால் பிரிக்க முயலக் கூடாது. மடியில் அசையாமல் வைத்திருந்தால் நாக்கு முதலில் வெளியே வரும், பிறகு தலை, பிறகு உடல் தானே அவிழும். கழுத்து வளைந்து பின்வாங்கினாலோ சீறினாலோ அன்றைக்கு அதை விட்டுவிட வேண்டும். தொடக்கத்தில் ஐந்து நிமிடம் போதும்; பாம்பு அமைதியாக இருக்கும்போதே கூண்டில் விடுவது முக்கியம். தொடுமுன் எலி வாடை போகவும், தொட்டபின் சால்மொனெல்லா கிருமி பரவாமலிருக்கவும் சோப்பால் கை கழுவ வேண்டும்.

கண் வெளுத்த நாட்கள்

சட்டை உரிக்குமுன் கண் நீலம் பாய்ந்து வெளுக்கும். பார்வை மங்கிய பாம்பு எளிதில் மிரளும். கூண்டின் ஈரப்பதத்தைச் சற்று உயர்த்திவிட்டு, உரிந்து முடியும்வரை தொடாமலிருப்பதே நல்லது.

மூன்றாம் மாதம்

நாக்கு நிதானமாக நீளுகிறது, தசை தளர்ந்திருக்கிறது, கையிலிருந்து கைக்குத் தானே ஊர்கிறது. பயம் தணிந்ததன் அடையாளங்கள் இவை. நாய் காட்டும் பாசத்தை இதில் தேடுவது பாம்புக்குச் செய்யும் அநீதி. அச்சமில்லாமல் கையில் இருப்பதே அது தரக்கூடிய நம்பிக்கை. வளர்ப்பில் 20 முதல் 30 ஆண்டுகள் வாழும் உயிரோடு அவசரப்பட எதுவுமில்லை. சில பாம்புகள் எவ்வளவு காலமானாலும் கையை ஏற்பதில்லை. அவற்றைக் கூண்டிலேயே விட்டு, வேளைக்கு இரை தந்து, கண்ணாடிக்கு இப்பால் இருந்து பார்த்துக்கொள்வதும் குறையில்லாத வளர்ப்பே.